குருவம்மாள் போட்ட ஓடை

பட்டா என் பேரில் இருக்கிறது சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஏக்கர் எண்பது செண்ட். எங்கள் அப்பா பேரிலிருந்து என் பேருக்கு மாறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தீர்வை கட்டுவது நான். உர மூட்டை தூக்குவது நான். டிராக்டர்காரன் பின்னால் உழவுக்கு அலைவது நான். இப்போது நீங்களே சொல்லுங்கள். ஊர் நிலத்தைப் பற்றி அரசாங்கம் ஒரு கேள்வி கேட்க வந்தால் என்னைக் கேட்க வேண்டுமா, என் வீட்டுக்காரியைக் கேட்க வேண்டுமா?

இல்லை, நீங்கள் பேப்பரைப் படியுங்கள். படித்துக்கொண்டே காது கொடுத்தால் போதும். இந்த பஸ் கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நீங்கள் அதையும் தாண்டிப் போகிறீர்களா? நல்லது.

என் பேர் சீனிராஜ். ஊர் பூலாங்கரிசல். நான் ஏறினேனே, அந்த விலக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. இருநூறு வீடு, ஒரு கண்மாய், மிச்சமெல்லாம் கரிசல் காடு. மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுவது. மேற்கே கரடு என்று ஒரு சின்னக் குன்று இருக்கிறது. அங்கிருந்து கண்மாய்க்கு ஒரு ஓடை வரும். வரும் என்றால், ஒரு காலத்தில் வந்தது. இப்போது பாதித் தண்ணீர் வழியிலேயே பரந்து தெருவுக்குள் போய்விடுகிறது. விஷயமே அந்த ஓடையைப் பற்றித்தான்.

போன மாசி மாசம் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் பேர் ஆரோக்கியதாஸ். முப்பது வயசு இருக்கும். கிராமத்துக்கு நிலத் திட்டம் போடுகிற ஆபீஸர். "இன்னும் இருபது வருஷத்துக்கு இந்த ஊர்ல எங்க வீடு வரலாம், எங்க வரக்கூடாது, எது மேய்ச்சலுக்கு, எது தண்ணிக்கு, எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும். நாங்க எழுதிக்கிறோம், அவ்வளவுதான்" என்றார். நல்ல விஷயம்தானே? நான் குறை சொல்லவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவனே நான்தான்.

ஆனால் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஆம்பளைகளைத் தனியாகவும் பொம்பளைகளைத் தனியாகவும் பிரித்தார். ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து ஊரைத் தரையில் படமாகப் போட வேண்டும். "ஒரு ஊருக்கு எதுக்கு சார் ரெண்டு படம்?" என்று கேட்டேன். "ஒரே ஊர்தானான்னு பாப்போம் ஐயா" என்றார். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் பிள்ளையார் கோயில் முன்னால் சுண்ணாம்புப் பொடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தோம். எங்கள் பஸ் ஸ்டாப்பில் ஐந்து கொடிக்கம்பம் நிற்கிறது. எந்தக் கொடியை முதலில் போடுவது என்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தன் கட்சிக் கம்பத்தைக் குட்டையாகப் போட்டுவிட்டோம் என்று கண்ணுச்சாமி எழுந்து போய்விட்டான். தரையில் போட்ட படத்தில் ஏதடா உயரம் என்று நாலு பேர் அவனைக் கூட்டிவரப் போனார்கள். மத்தியானம் ஆகும்போது எங்கள் படத்தில் பஸ் ஸ்டாப் இருந்தது, டீக்கடை இருந்தது, மூன்று கோயில் இருந்தது, அவரவர் நிலம் அவரவர் பேரோடு இருந்தது. கண்மாய் மட்டும் இல்லை. இடம் பத்தவில்லை சார். கண்மாயைப் போடவேண்டும் என்றால் டீக்கடையை அழிக்க வேண்டும். டீக்கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பொம்பளைகள் களத்தில் போட்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். கோலப்பொடியில் கண்மாய், செங்கல் பொடியில் கரை. மரத்துக்குப் புளியங்கொட்டை, குடிதண்ணீர் எடுக்கிற இடத்துக்கு உடைந்த வளையல். நடுவில் ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குமாற்றுக் குச்சியால் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எந்தப் பாதையில் ஐப்பசியில் முழங்கால் சேறு, எந்தக் கிணற்றில் சித்திரையில் எத்தனை பாக ஆழத்தில் தண்ணீர், எந்த இடத்தில் பூச்சி பொட்டு அதிகம், எல்லாம் அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் போடுகிறார்கள். யார் என்று பார்த்தால் குருவம்மாள். என் வீட்டுக்காரி.

அவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று நினைப்பீர்கள். இரண்டு எருமை வைத்திருக்கிறாள். தினமும் புல்லுக்குப் போகிறாள். விறகுக்குப் போகிறாள். நடந்து திரிகிறவளுக்குத் தெரியத்தான் செய்யும். அது அறிவா சார்? கால். நான் பைக்கில் போகிறவன்.

ஆரோக்கியதாஸ் எங்கள் படத்தைப் பார்த்தார். நின்றபடியே பார்த்தார். "கண்மாய் எங்க ஐயா?" என்றார். "எல்லாருக்கும் தெரிஞ்ச கண்மாய்தானே சார்" என்றேன். அங்கே போனார். அங்கே முட்டி போட்டு உட்கார்ந்தார். "இதச் சொன்னது யாரு அக்கா?" என்றார். பத்துக் கை ஒரே ஆளைக் காட்டியது. போட்டோ பிடித்தார்கள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பிரிண்ட் போட்டு வந்தபோது பார்த்தால், நடுவில் குச்சியோடு அவள். ஓரத்தில் ஒரு முழங்கை. அது என் முழங்கைதான். சட்டையை வைத்துச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். "அக்கா இருக்காங்களா?"

"நான் இருக்கேன் சார்."

"நல்லது ஐயா. அக்கா எப்ப வருவாங்க?"

இப்படி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்பார். அவள் வந்து மோர் கொடுத்தால் குடிப்பார்.

ஒருநாள் ஊரைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும் என்றார்கள். கரட்டிலிருந்து கண்மாய் வரைக்கும், மண் எப்படி மாறுகிறது, எங்கே என்ன விளைகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டே போவார்களாம். நானும் போனேன். முன்னால் அவள், அவள் பக்கத்தில் ஆபீஸர், அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர், அப்புறம் நோட்டு வைத்திருக்கிற இரண்டு பேர். கடைசியில் நான். என் கையில் தண்ணீர் கேன். யார் கொடுத்தார்கள் என்று ஞாபகம் இல்லை. எப்படியோ என் கைக்கு வந்துவிட்டது. இருபது லிட்டர் சார். என் நிலத்தைத் தாண்டும்போதாவது என்னை முன்னால் கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். அவளே, "இது எங்க காடுதான் சார், மூணு ஏக்கரா எண்பது" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

டீக்கடையில் கண்ணுச்சாமிக்கு வாய் சும்மா இருக்குமா? "வாங்க, வாங்க. குருவம்மா வீட்டுக்காரருக்கு ஒரு டீ போடுங்கப்பா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இருபத்தாறு வருஷமாக அவளை 'சீனிராஜ் பொண்டாட்டி' என்றுதான் ஊர் கூப்பிட்டது. பாதிப்பேருக்கு அவள் பேரே தெரியாது. இரண்டு மாசத்தில் எல்லாம் திரும்பிவிட்டது.

நான் பொறாமைப்படுகிற ஆள் இல்லை. அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். என் தம்பி டிராக்டர் வாங்கியபோது முதல் மாலையைப் போட்டவன் நான்தான். அப்புறம் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை, அதற்கு வேறு காரணம். பொறாமை வேறு, நியாயம் வேறு. ஒரு வேலைக்குத் தகுதியான ஆள் இருக்கும்போது இன்னொரு ஆளைக் கூப்பிட்டால் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

வீட்டில் கேட்டேன். "பனைமரம் மொத்தம் எத்தனைன்னு எழுதச் சொன்ன?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தி மூணு புள்ள. நான் சின்னப் பிள்ளையிலேருந்து பாக்கேன்."

"ரெண்டு போன வருசம் விழுந்துட்டு. கஞ்சி ஊத்தவா?"

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு போய் எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். ஆனால் அவள் சொன்ன விதம் இருக்கிறதே. கஞ்சி ஊத்தவா என்று கேட்டாளே, அந்த விதம். அதற்காகவே பத்துப் பன்னிரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் பேசினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். அந்த நாட்களில் அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள், உண்மைதான். "ஏங்க, ஓடை விசயமா ஒண்ணு பேசணும்" என்று இரண்டு மூன்று தடவை வந்து நின்றாள். எனக்கு என்ன தெரியும்? ஆபீஸர் சொன்னார், ஆபீஸர் கேட்டார் என்று பெருமை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

இங்கே அந்த ஓடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் இல்லையே? இல்லை, கேட்டுக்கொண்டேன்.

ரெக்கார்டில் 'ஓடைப் புறம்போக்கு' என்று இருக்கிறது. ஆனால் தரையில் அது எங்கே போகிறது என்று அளந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சர்வே கல் எல்லாம் போய்விட்டது. எங்கள் வீட்டில் துணி துவைக்கிற கல் ஒன்று இருக்கிறது, நல்ல சதுரமான கல். அது எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் நிலத்துக்கு மேல்கடைசியில்தான் ஓடை. எங்கள் அப்பா வருஷா வருஷம் வரப்புச் செதுக்கும்போது ஒரு சாண் தள்ளி வைப்பார். சாண்தான் சார், அதிகம் இல்லை. எங்கள் ஊரில் யார்தான் வைக்கவில்லை? ஆனால் நாற்பது வருஷம். அதற்கப்புறம் நானும் நாலு டிராக்டர் மண் அடித்தேன். இப்போது அங்கே எழுபது செண்ட். பட்டாவில் வராது, ஆனால் எங்கள் கையில் இருக்கிறது. ஊரெல்லாம் வெடித்துக் கிடக்கிற சித்திரையிலும் அந்த எழுபது செண்டில் ஈரம் இருக்கும். அதில்தான் எருமைக்குத் தீவனச்சோளம். அது இல்லாவிட்டால் எருமைகளைக் கோடையில் வைத்திருக்க முடியாது.

சரி. மே ஒன்றாம் தேதி கிராம சபை. பள்ளிக்கூடத்தில் கூட்டம். தரையில் போட்ட படத்தையெல்லாம் ஒன்றாக்கிக் கதவளவு பேப்பரில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒன்றாக்கி என்றால், எங்கள் படத்திலிருந்து கொடிக்கம்பம் கூட வரவில்லை. முழுக்கப் பொம்பளைகள் படம்தான். ஆரோக்கியதாஸ் ஒவ்வொன்றாகக் குச்சியை வைத்துப் படிக்கிறார். "இது சரிதானா?" என்று கேட்கிறார். ஊர் மொத்தமும் "சரி" என்கிறது. மேய்ச்சல் நிலம் சரியா? சரி. சுடுகாட்டுப் பாதை சரியா? சரி. கண்மாய்க்கு மேலே வீடு கட்டக்கூடாது, சரியா? சரி. ஒவ்வொரு 'சரி'க்கும் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் முன்வரிசையில் நாற்காலியில் இருக்கிறாள். நான் மூன்றாவது வரிசையில் பெஞ்சில், கண்ணுச்சாமி பக்கத்தில்.

"அடுத்து ஓடை" என்றார்.

நான் பார்த்தேன். கரட்டிலிருந்து ஓடை நேராக வருகிறது, சரி. வேப்பமரத்தைத் தாண்டுகிறது, சரி. எங்கள் நிலத்துக்குக் கிட்ட வந்ததும் வடக்கே ஒரு வளைவு வளைந்து, பாறையடியைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க்குப் போகிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது சார். தப்பு! சுத்தமான தப்பு! அந்த ஓடை என் சின்ன வயசில் நேராக வந்தது. நான் அதில் மீன் பிடித்திருக்கிறேன். பாறையடி மேடு. அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. எல்லாம் தெரிந்தவள், பனைமரம் வரைக்கும் எண்ணியவள், ஓடையைத் தப்பாகப் போட்டு வைத்திருக்கிறாள்!

"ஓடை சரிதானா?" என்று ஆபீஸர் கேட்டார். ஊர் சொன்னது, "சரி." சத்தமாக வேறு சொன்னது. எல்லாருக்கும் தெரியும் சார் அது தப்பென்று. பெரியாட்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லிவிட்டாள் என்றால் அவ்வளவு பயம்.

நான் எழுந்தேன். "சரி இல்ல" என்றேன்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அவளும் திரும்பினாள். கண்ணைப் பெரிசாக்கி இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். கையைக் கீழே அழுத்தி உட்காரச் சொன்னாள். கண்ணுச்சாமி என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "மாப்ள, உக்காரு. சொன்னாக் கேளு, உக்காரு" என்றான். அவனும் அவள் கட்சிக்குப் போய்விட்டான். பிடித்த பிடியில் பயம் தெரிந்தது. அவளுக்கும் பயம். தன் தப்பு வெளியே வருகிறதே என்ற பயம். இரண்டு மாசத்தில் முதல் தடவையாக எனக்கு மனசு குளிர்ந்தது.

நேராகச் சுவருக்குப் போனேன். ஆபீஸர் கையிலிருந்து குச்சியை வாங்கினேன். "சார், தண்ணி மேட்டுல ஏறுமா?" என்று கேட்டேன். "ஏறாது ஐயா" என்றார். "அப்பறம் எப்படி சார் ஓடை பாறையடியச் சுத்தும்? இங்க பாருங்க." காட்டினேன். வேப்பமரத்திலிருந்து இருபது தப்படி தெற்கே தள்ளி, நேராக. எந்த இடத்தில் அகலம், எந்த இடத்தில் ஆழம், பெரிய வெள்ளம் வந்த வருஷம் எதுவரைக்கும் தண்ணீர் நின்றது. எந்தெந்த வருஷம் எந்த இடத்தில் மண் அடித்தது. எத்தனை டிராக்டர். கீழே தோண்டினால் மூன்றடியில் ஓடை மணல் வரும் என்று கூடச் சொன்னேன். கால் மணி நேரம் பேசினேன் சார். இரண்டு பேர் நோட்டில் எழுதுகிறார்கள். ஆபீஸர் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அதுவரைக்கும் அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டியதே இல்லை.

முடித்ததும் கேட்டார். "ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க ஐயா. இப்ப அந்த எடத்துல என்ன இருக்கு?"

"தீவனச்சோளம்" என்றேன்.

"யாரோடது?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"என்னோடதுதான்" என்றேன்.

பொய் சொல்லவா முடியும்? அவ்வளவு பேசிவிட்டு? அப்போதுகூட எனக்குப் பெரிசாகப் படவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியதாஸ் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு நேராகக் கோடு போட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான்தான் பேசினேன். "பாத்தியா? எல்லாம் தெரிஞ்ச மாதிரி நின்னா இப்படித்தான்" என்றேன். வாசலில் நின்று, "நான் தெரியாமயா அந்த வளைவப் போட்டேன்?" என்றாள். "ஊரு பூராவும் நமக்காகச் சரின்னு சொல்லுச்சு. நம்ம எழுபது செண்டு தப்பிக்கட்டும்னு நாலு கூட்டம் நடத்திச் சம்மதம் வாங்கி வச்சிருந்தேன். பாறையடில அரை ஆள் ஆழம் தோண்டுனாப் போதும், தண்ணி போகும். அதுக்கு நம்ம ஓரத்துல பத்தடி அகலம் நாம விட்டுக்குடுத்தா மிச்சம் நமக்கு. ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன், வந்தேன், ரேடியோவ வச்சீங்க." சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நீங்கள் நம்புகிறீர்களா சார்? நான் நம்பவில்லை. தப்புக் கண்டுபிடிக்கப்பட்டதும் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், தெரிந்தே போட்டேன் என்று. கண்ணுச்சாமியும் அதையே சொல்கிறான், தலைவரும் அதையே சொல்கிறார். சொல்லி வைத்திருப்பாள். சரி, அவள் தெரிந்தே போட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அது பொய்தானே? சபையில் சத்தியத்தைச் சொன்னது யார்? அதை ஏன் ஒருத்தரும் பேசமாட்டேன் என்கிறார்கள்?

போன மாசம் வரைவுத் திட்டம் அச்சாகி வந்தது. பஞ்சாயத்து போர்டில் ஒட்டினார்கள். முப்பது நாளைக்குள் ஆட்சேபம் இருந்தால் கொடுக்கலாம். போய்ப் பார்த்தேன். நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடி, நீல நிறத்தில் ஓடை. கெட்டியான நீலம். இரண்டு பக்கமும் கரைக்கு இடம் விட்டு எழுபது செண்ட் மொத்தமும் உள்ளே போய்விட்டது. அடுத்த வருஷம் பொக்லைன் வருமாம். அதுகூடப் பரவாயில்லை சார். கீழே பொடி எழுத்தில் ஒன்று போட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். 'ஓடைத் தடம்: தகவல், மகளிர் குழு, திருமதி குருவம்மாள்.'

நான் சொன்னது! நான் குச்சியைப் பிடித்துக் காட்டியது! அவள் சொன்னதை அடித்துவிட்டு நான் சொன்னதைப் போட்டார்கள். போட்டுவிட்டு அதற்கும் அவள் பேர்!

ஆரோக்கியதாஸுக்குப் போன் போட்டேன். "படம் முழுக்க அக்கா குழுவோடது இல்லியா ஐயா, அதனால மொத்தமா அப்படிப் போட்டுட்டாங்க. அதுல என்ன இருக்கு?" என்றார். என்ன இருக்கிறதாம். இருபது வருஷம் சார். இருபது வருஷம் அந்தப் படம் எல்லா ஆபீஸிலும் தொங்கும். என் பேரன் பார்ப்பான். ஓடையைக் கண்டுபிடித்தது அவன் ஆச்சி என்று நினைப்பான்.

ஆட்சேபத்துக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். அவள் ஒரு மனு எழுதி, கவரில் போட்டு என் கையில் கொடுத்திருக்கிறாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். அவளே கொடுக்க முடியாதாம், அவள் திட்டக் குழுவில் உறுப்பினர். அதோடு சபையில் சொன்ன ஆளே திருத்திச் சொன்னால்தான் எடுப்பார்களாம். எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கு யூனியன் ஆபீஸில் கூட்டம். காலையிலேயே ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஏறும்போது, "கையெழுத்த மட்டும் போட்டுக் குடுத்திருங்க, மறந்துராதீங்க. எருமைய நெனச்சுக்கோங்க" என்றாள்.

இதுதான் அந்தக் கவர். படியுங்கள், பரவாயில்லை. எனக்கு மனப்பாடம். 'சபையில் நான் சொன்னது பழைய தடம். இப்போது அந்த வழியில் ஓடை இல்லை. பாறையடி வழியாக வெட்டிவிட ஊர் மக்கள் சம்மதித்திருக்கிறார்கள். என் மனைவி குருவம்மாள் போட்டுக் காட்டிய தடமே சரியானது என்று ஒப்புக்கொள்கிறேன்.' கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாள். பாருங்கள், 'மட்டும்' என்கிறாள். கையெழுத்து மட்டுமாம்.

இது நான் எழுதியது. கடையில் டைப் அடித்தது. நாலே வரி. 'மேற்படி ஓடைத் தடம் பற்றிய தகவலைச் சபையில் எடுத்துச் சொன்னவன் பூலாங்கரிசல் சீனிராஜ் ஆகிய நானே. ஆகவே மேற்படி இடத்தில் திருமதி குருவம்மாள் என்பதை நீக்கி என் பெயரைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' நன்றாக வந்திருக்கிறது, இல்லையா?

இரண்டையும் கொடுக்கலாமே என்கிறீர்கள். அதை நானும் யோசித்தேன் சார். அவள் மனுவைக் கொடுத்தால் ஓடை பாறையடிக்குப் போய்விடும். அது அவள் போட்ட ஓடை. அப்புறம் நான் சொன்ன தடம் படத்திலேயே இருக்காது. இல்லாத ஓடைக்கு என் பேரை எங்கே போடுவார்கள்? என் மனுவைக் கொடுத்தால் ஓடை இருக்கிற இடத்திலேயே இருக்கும், என் பேரும் இருக்கும். சோளம் போகும், அது தெரிகிறது. எருமையும் ஒருவேளை போகும். புல்லுக்கு அலையாமல் அவளும் கொஞ்சம் வீட்டில் இருப்பாள்.

என்ன சார், அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவீர்களா? உங்கள் வீட்டம்மா எழுதிக் கொடுத்த வரிக்கு? சொல்லுங்கள். சரி, நீங்கள் போடுவீர்கள். படித்தவர்கள் போடுவீர்கள்.

கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது. கூட்டத்தைப் பாருங்கள், திங்கட்கிழமை என்றால் இப்படித்தான். டோக்கன் வாங்கவே பத்தரை ஆகிவிடும். கொஞ்சம் காலை ஒதுக்கினீர்கள் என்றால் இறங்கிவிடுவேன்.

இல்லை, இல்லை, அந்தக் கவரைக் கொடுக்காதீர்கள். சீட்டிலேயே இருக்கட்டும். கூப்பிடவும் வேண்டாம், கண்டக்டரிடம் சொல்லவும் வேண்டாம். அவசரத்தில் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லப் போகிறேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். மறந்துதானே சார் வைத்தேன்?